செகண்டு முள்ளும் மூன்று சனிக்கிழமைகளும்

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவனுக்கு ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து கைக்கடிகாரம் வாங்கிக் கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இனிமேல் நீ எங்கேயும் நேரத்துக்குப் போகவேண்டாம் என்றுதானே அனுப்பி வைக்கிறார்கள்? ஒரு சாய்வு நாற்காலி தந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். மாநில எல்லையை ஒட்டிய காரோடு பக்கம் ஒரு வில்லேஜ் ஆபீஸில் குமாஸ்தாவாக என்னுடைய கடைசி நாள். லட்டு, மிக்சர், மூன்று பேச்சு. அதில் ஒருவர் பேசியது முழுக்க அவருக்குக் கிடைக்காத இடமாற்றத்தைப் பற்றி. கடைசியில் இந்த வாட்ச். அதைக் கட்டிவிட்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். திங்கட்கிழமை என் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

வாட்சைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை முகம், கறுப்பு முட்கள், செகண்டு முள் மட்டும் சிவப்பு. ஒரு வருஷம் கியாரண்டி. பதிமூன்றாவது மாதம், வீட்டு வாசலில் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றும்போது மணிக்கட்டு தூணில் இடித்தது. சிவப்பு முள் கழன்று கண்ணாடிக்கு அடியில் விழுந்தது. அதன்பிறகு நான் கையை ஆட்டும்போதெல்லாம் அது உள்ளே இஷ்டத்துக்கு உலாவியது. சில நேரம் பெரிய முள்ளுக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொள்ளும், வாட்ச் நின்றுவிடும். தட்டினால் எழுந்து வழிவிடும், வாட்ச் ஓடும். அரசாங்க ஆபீஸில் அது ஒரு வருஷம் தங்கியிருந்தால் தலைமைக் குமாஸ்தாவாகவே ஆகியிருக்கும்.

“இஞ்சேருங்க, அத கடையில கொண்டு குடுங்க. அஞ்சு நிமிசத்துக்க வேலையாக்கும்” என்றாள் என் மனைவி. அவள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதனால் என்னோடு பேசும்போதும் பிரம்பு கையில் இருப்பதுபோலவே பேசுவாள்.

“நானே சரியாக்குவேன்” என்றேன்.

“மிக்ஸிய சரியாக்கின மாதிரியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மிக்ஸியை இழுத்தது அநியாயம். ஆனால் பொய் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு இது பரம்பரை வியாதி. மகாராஜா காலத்திலிருந்து பேனா பிடித்த வகையறா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கச்சேரியில் எழுத்து வேலைக்குப் போய் வந்தவர்கள். உருப்படியாக ஒரு ஆணி அடிக்கத் தெரிந்தவன் கிடையாது. ஆனால் வெளியாளைக் கூப்பிட்டு வேலை செய்விப்பது என்றால் எல்லோருக்கும் கௌரவம் போய்விடும். காகிதத்தில் எழுதியிருப்பது எதுவானாலும் நமக்குப் புரியும், புரிந்ததெல்லாம் நம்மால் செய்ய முடியும் என்று ஒரு திமிர். அப்பா மாட்டிய மின்விசிறி காற்றை மேலே உறிஞ்சியது. பெரியப்பா கழற்றிய பம்பு செட்டு நாலு சாக்கில் கிணற்றடியில் கிடந்தது. நான் மிக்ஸியில் ஒரு வாஷரை மிச்சம் பிடித்தேன். தேங்காய்ச் சட்னி கூரைக்குப் போயிற்று.

ஆனால் வாட்ச் விஷயத்தில் காரணம் அந்தத் திமிர் மட்டும் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன், அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்களாக என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான். முதலில் டீயைக் குற்றம் சொன்னேன், குறைத்தேன். பேனாவைக் குற்றம் சொன்னேன், மாற்றினேன். பிறகு பென்ஷன் எடுக்க ட்ரஷறிக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் என் செக்கைத் திருப்பித் தந்தாள். “சாரே, ஒப்பு சேரல்ல” என்றாள். கையெழுத்து பொருந்தவில்லையாம். மறுபடி போட்டேன். அதுவும் சேரவில்லை. மூன்றாவதை அவள் இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷம் ஊர்க்காரர்களின் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்து, சேரவில்லை, போய்விட்டு நாளைக்கு வா என்று துரத்தியவன் நான். என் கையெழுத்தே என்னை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட ஐந்து தடவை குத்த வேண்டியிருந்தது.

நான் எதற்குப் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா ஒருவருக்குக் கை நடுக்கம் இருந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து வாயைக் கிளாஸுக்குக் கொண்டுபோய் உறிஞ்சுவார். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் கூட்டத்தில் அவரைப்போல டீ குடித்துக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெரியவர்களும் பார்த்துச் சிரிப்பார்கள். “எலே, ஒருக்கா கூட காட்டு மக்கா” என்பார்கள். ஒரு தடவை அவர் எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட நான் டாக்டரிடம் போவேனா? போனால் அவர் ஒரு பெயர் சொல்லுவார். பெயர் வந்துவிட்டால் அப்புறம் ஊர் பார்த்துக்கொள்ளும். அதனால் என் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். செகண்டு முள்ளை அதன் இடத்தில் பொருத்துவதற்குக் கை ஆடாமல் இருக்கவேண்டும். நானே பொருத்திவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. கடைக்குக் கொடுத்தால் என் கை தோற்றுப்போயிற்று என்று அர்த்தம். என்னை நானே பரீட்சை வைத்து, நானே திருத்தி, நானே மார்க் போடுகிற ஏற்பாடு. குமாஸ்தா மூளைக்கு இதைவிடச் சௌகரியமான வைத்தியம் தோன்றாது.

போனில் ஆர்டர் போட்டு ஒரு ரிப்பேர் பெட்டி வரவழைத்தேன். பதினாறு உருப்படி. அதில் பதிமூன்று எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. ஒன்று காது குடைய நன்றாக இருக்கிறது.

அந்த மாதம் சனிக்கிழமைகளில் கிளஸ்டர் என்றாள் மனைவி. பல பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒரு இடத்தில் கூடி, பாடம் எப்படி நடத்துவது என்று ஒருவருக்கொருவர் பாடம் நடத்துகிற கூட்டம். காலையில் போனால் மதியம் தாண்டித்தான் வருவாள். என் பரீட்சைக்குத் தோதான நேரம்.

முதல் சனிக்கிழமை நன்றாகத்தான் தொடங்கியது. அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்ததும் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் மேசையை இழுத்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். பின்மூடியைக் கத்தி நுனியால் நெம்பினேன், டக்கென்று திறந்தது. பக்கவாட்டில் இருக்கிற சாவியை இழுத்து எடுத்தேன். இயந்திரத்தை முகத்தோடு வெளியே கவிழ்த்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. எங்கள் வகையறாவில் இவ்வளவு தூரம் வந்தவன் நான்தான்.

பிறகு ட்வீசரால் செகண்டு முள்ளை எடுத்தேன். அந்த முள்ளில் ஒரு துளி ஓட்டை. வாட்ச் முகத்தின் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. ஓட்டைக்குள் கம்பி போகவேண்டும், அவ்வளவுதான். கொண்டுபோனேன். விரல் ஒரு தடவை துள்ளியது. முள்ளைக் காணோம்.

நாசமாய்ப் போக! இரண்டு மணி நேரம் டார்ச் அடித்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு பழைய ரப்பர், ஒரு ஹேர்பின், எப்போதோ தொலைந்த ஒரு ஜாதகக் கட்டு எல்லாம் கிடைத்தது. முள் என் வேட்டி மடிப்பிலேயே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அதே நிமிஷம் கேட் திறக்கிற சத்தம். தரையிலிருந்தே கையை எட்டி வாட்சின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். எழுந்திருக்க நேரம் போதவில்லை.

“என்ன, தரையில கெடக்கிய?”

“நடு வலிக்குது.”

அதற்கான தண்டனை உடனே கிடைத்தது. முறிவெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து குப்புறப் போட்டு இடுப்பில் அழுத்தித் தேய்த்தாள். வலியே இல்லாத இடுப்புக்கு வலி வந்தது. இடுப்பு முடிந்ததும் என் வலது கையை எடுத்து விரல் விரலாக நீவ ஆரம்பித்தாள். “இடுப்புன்னு பறஞ்சா கையில தேய்க்குற, நீ எங்க பாடம் படிச்ச?” என்று எரிந்து விழுந்து கையை இழுத்துக்கொண்டேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை முன்னேற்பாடுகளோடு உட்கார்ந்தேன். முழங்கைக்கு அடியில் தலையணை. மணிக்கட்டைத் தோர்த்துத் துண்டால் மேசையோடு சேர்த்துக் கட்டினேன். காலையிலிருந்து டீ குடிக்கவில்லை. பிள்ளையாரிடம் தேங்காய் வேறு பேசிவைத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைக் கொண்டுபோனேன். கம்பிக்குப் பக்கத்தில் போகும்வரை கை ஒழுங்காக இருக்கும். தொடுகிற நேரத்தில் ஒரு ஆட்டம். ட்வீசர் வாட்ச் முகத்தைக் கீறும். எடுத்து மறுபடி. மறுபடி ஒரு கீறல். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் ஒரு தடவை ஓட்டைக்குள் கம்பி போய்விட்டது என்று நினைத்து அமுக்கினேன். போகவில்லை. முள் வளைந்தது.

அப்போது நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கட்டை அவிழ்த்து, இடது கையால் என் வலது கையை அடித்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிப்பதுபோல புறங்கையில் பளார் பளார் என்று நாலைந்து அடி. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் அந்தக் கைக்குத்தான். அது அடி வாங்கிக்கொண்டு மேசைமேல் கிடந்து ஆடியது. என்ன செய்வது, அழுகை வந்தது, அழுதேன்.

பரீட்சையில் தோற்றாயிற்று. ஆனால் முடிவை வெளியே விடவேண்டிய அவசியம் இல்லையே? கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வந்து, நானே செய்தேன் என்று அவளிடம் காட்டினால் தீர்ந்தது. என் புத்தி அப்படிப் போயிற்று. ஆனால் எந்தக் கடையில்? பாறசாலையில் கொடுத்தால் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். நெய்யாற்றின்கரையில் ஒரு கடைக்காரர் உண்டு. அவருடைய வீட்டு மனைக்குப் பெயர் மாற்றும் காகிதத்துக்காக அவரை நான் ஏழு தடவை நடக்கவைத்திருக்கிறேன். அவர் கையில் என் வாட்ச் போனால் அதன் கதி என்ன?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்கப்படவேண்டிய காரியம் எதுவானாலும் எல்லையைத் தாண்டிப் போய்ச் செய்வது. தலைக்குச் சாயம் அடிப்பது, மூலத்துக்கு மருந்து வாங்குவது, மகளுக்கு வந்த வரனின் ஜாதகத்தை ரகசியமாக இன்னொரு ஜோசியரிடம் காட்டுவது, எல்லாம் களியக்காவிளையில். அங்கேயிருந்து அவர்கள் லாட்டரிச் சீட்டு எடுக்கவும், மாமியாருக்குத் தெரியாமல் மாட்டிறைச்சி தின்னவும் இங்கே வருவார்கள். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். போர்டில் மலையாள எழுத்து தமிழாக மாறியதும் நம்மை யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டைதான். எல்லோரும் இதையே நம்பி அங்கே போவதால், அங்கே போனால் நம் ஊர்க்காரன் அத்தனை பேரையும் பார்க்கலாம். இது பிள்ளைப்பிராயத்திலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். எங்கள் ஊரில் பிறந்தவன் வேறு எங்கே போவான்?

மூன்றாவது சனிக்கிழமை, அவள் கிளஸ்டருக்குப் போனதும் வாட்சின் துண்டு துணுக்குகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். கீழே வரிசையாகக் கடைகள். மாடிப்படியை ஒட்டினாற்போல ஒரு வாட்ச் கடை. உள்ளே முப்பது வயசுப் பெண் ஒருத்தி, கண்ணில் லென்ஸ், காதில் இயர்போன், விரலில் ஜெபமாலை மோதிரம். கடற்கரைக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. “அப்பன் கடலுக்குப் போவாரு, எனக்கு வள்ளத்துல ஏறினா வாந்தி. அதான் இதுல இருந்தேன்” என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

டப்பாவைக் கவிழ்த்தேன். அவள் இயர்போனைக் கழற்றினாள். வாட்ச் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“இத ஆரு சாரே தொறந்தது?”

“அண்ணனுக்க மகன்” என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

“சின்னப் பையனா?”

“இல்ல. வயசு இருக்கு.”

“நடுவுல பாருங்க. கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஒரே இடத்துல முப்பது நாப்பது கீறல். புத்தியில்லாதவன் தொறந்தா வேற மாதிரி கெடக்கும், ஸ்க்ரூவ ஒடச்சுப் போடுவான். இந்த ஆளு எல்லாம் ஒழுங்காத்தான் கழத்தியிருக்கு. கை மட்டும் வெறைக்குது.” லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “உள்ளத சொல்லியேன், கோவப்படாதீங்க. அந்த அண்ணனுக்க மகன எங்கிட்ட கொண்டு வர்றதுல காரியமில்ல. மேல மாடியில எல்லா சனியாழ்ச்சயும் ஒரு நரம்பு டாக்டர் வருவாரு. நல்ல கூட்டம். காலம்பறயே டோக்கன் எடுக்கணும்.”

“உனக்க வேலையப் பாரு மோளே” என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயரமாக வந்தது.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு லென்ஸை இறக்கினாள். வளைந்த முள்ளை ஒரு தகட்டின் மேல் வைத்து நீவினாள். எடுத்தாள், வைத்தாள், ஒரு குச்சியால் லேசாக அமுக்கினாள். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். சிவப்பு முள் ஓட ஆரம்பித்தது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னதைக் கேட்டு, சொன்ன இடத்தில் நின்ற விரல். எனக்கு அவ்வளவு பொறாமை அதுவரை யார்மேலும் வந்ததில்லை, என் நாற்காலியில் உட்கார்ந்தவர்மேல்கூட.

அவள் பின்மூடியைப் போட்டுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் தெருக்காரர், கோயில் கமிட்டிச் செயலாளர். என்னைக் கண்டதும் திரும்பி மேலே ஏறப்பார்த்தார். நான் வாட்ச் கடை போர்டுக்குப் பின்னால் ஒதுங்கப்பார்த்தேன். இரண்டு பேருக்கும் வழியில்லாமல் போயிற்று.

“சும்மா இந்த வழி வந்தேன்” என்றார்.

“நானும் சும்மாதான்” என்றேன்.

பேசும்போது விசில் சத்தம் வந்தது. புது பல்செட்டு. மாடியில் பல் டாக்டரும் உண்டு. கோயில் முகப்பில் நின்று மைக்கில் தேவாரம் பாடுகிற மனிதர், பல் போனது தெரியக்கூடாது என்று இங்கே வந்திருக்கிறார். “ஊருல ஆருட்டயும் பறயண்டாம் கேட்டியளா” என்று என் தோளைத் தொட்டார். எனக்குக் குஷி தாங்கவில்லை. வாட்ச் விஷயத்தை அவரும் வெளியே விடமாட்டார். கணக்கு நேர் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

“பின்ன, நீங்க என்னத்துக்கு கீழ நிக்கிய? டீச்சர் மேலே தனியா இருக்கா.”

“எந்த டீச்சர்?”

“உங்களுக்க வீட்டுக்காரியாக்கும், வேற எந்த டீச்சர்? நரம்பு டாக்டருக்க வாசல்ல. ரெண்டு சனியாழ்ச்சைக்கு முன்னயும் நான் அளவு குடுக்க வந்தப்பம் கண்டேன். மொகம் ஒரு மாதிரி இருந்தது, அதான் பேச்சு குடுக்கல்ல.”

கிளஸ்டர் என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன? தலைவலியா, மயக்கமா, வேறு ஏதாவதா? ஒரு மாதமாக அவள் முகத்தை நான் பார்த்தேனா? என் இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேனே பாவி! வாட்சைக் கடையிலேயே விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். பின்னால் அந்தப் பெண் “சாரே, சாரே” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாடியில் நீளமான வராந்தா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர். என் மனைவி சுவரோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

“உனக்கு என்ன?” என்று கேட்டேன். மேல்மூச்சு வாங்கியது. “என்னட்ட ஏன் பறயல்ல? உனக்கு என்ன செய்யுது?”

“எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமலா இங்க இருக்க?”

அவள் கையிலிருந்த சீட்டை நீட்டினாள். டோக்கன் பன்னிரண்டு. அதன் கீழே என் பெயர். என் வயசு, ஐம்பத்தேழு. அவளுடைய உருண்டையான டீச்சர் எழுத்தில்.

சுற்றிலும் இருந்த முப்பது பேரும் எங்களையே பார்த்தார்கள். நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். அவள் தணிந்த குரலில் சொன்னாள். மழைக்காலம் தொடங்கினதிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். நான் சட்டைப் பொத்தான் போட அவ்வளவு நேரம் எடுப்பதும், கறிவேப்பிலையைத் தட்டிலிருந்து எடுக்க முடியாமல் தின்றுவிடுவதும். கேட்டால் நான் கடித்துக் குதறுவேன் என்று முதலில் அவளே டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறாள். ஆள் இல்லாமல் நான் எப்படிப் பார்ப்பேன், கை ஆடுவதை வீடியோவாவது எடுத்துக்கொண்டு வா என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார்.

“போன சனியாழ்ச்ச நான் எங்கயும் போவேல்ல” என்றாள். “பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஜன்னலுக்க வெளிய நின்னேன்.”

எனக்குச் சட்டென்று சூடு ஏறியது. “என்னை ஒளிச்சு நின்னு படம் பிடிச்சியா? நான் என்ன மிருகக்காட்சிச் சாலையில இருக்கேனா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவள் போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஜன்னல் கம்பி, அதற்கு அப்பால் நான். தலையணை மேல் முழங்கை, மணிக்கட்டில் தோர்த்து. ட்வீசர் போகிறது, ஆடுகிறது, திரும்புகிறது. மறுபடி போகிறது. இவ்வளவா ஆடுகிறது என்று இருந்தது. உள்ளே இருந்து பார்த்தபோது எனக்கு இது தெரியவில்லை. பிறகு நான் கட்டை அவிழ்த்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இடது கை ஓங்கியது. முதல் அடி விழுந்ததும் படமே ஆட ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி ஆடுகிறது, மேசை ஆடுகிறது, நான் ஆடுகிறேன். இரண்டாவது அடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது அடியில் படம் தரைக்குப் போய்விட்டது. மிதியடியும் அவள் சேலை ஓரமும் மட்டும். அடிக்கிற சத்தம் தூரத்தில். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் பக்கத்தில்.

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். எங்கள் வகையறா வாயில் அதெல்லாம் வராது.

“உனக்க கை என்னைவிட மோசமா இருக்கு. ரெண்டு டோக்கனா எடுத்திருக்கலாமே” என்றேன்.

பையால் என் தொடையில் ஒரு அடி அடித்தாள். வலித்தது. அடித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எத்தன கைய அடிப்பிய நீங்க? இனி அத தொட்டா நான் சும்மா இருக்கமாட்டேன் பாத்துக்கிடுங்க” என்றாள். பக்கத்து நாற்காலிக் கிழவர் மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப்பார்த்து, பன்னிரண்டு என்றாள். என் பெயரை முழுசாக, இனிஷியலோடு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, “பேஷண்டு வந்திருக்கா டீச்சர், இல்ல இன்னைக்கும் நீங்க மட்டும்தானா?” என்று கேட்டாள்.

நான் வலது கையைத் தூக்கினேன். முப்பது பேருக்கு முன்னால் அது பாட்டுக்கு ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன்.